மூவார் முதல் வாஷிங்டன் வரை

(தோட்டப்புற மக்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தூதர் என்னும் சொல்லை வானொலிச் செய்திகளில் நாம் அடிக்கடி கேட்கிறோம். ஒரு நாட்டின் அரசு, தன் சார்பில் பேசுவதற்காக மற்றொரு நாட்டிற்கு அனுப்பிவைக்கும் அதிகாரியே தூதர் ஆவார். காமன்வெல்த் நாடுகள் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் தூதருக்கு ஹை கமிஷனர் என்று பெயர். பெயர் வேறாயினும் பணி ஒன்றே. இத்தகைய பதவிகளெல்லாம் செல்வக் குடியில் பிறந்து, இடையூறின்றிப் படித்து முடித்தவர்களுக்கே உரியவை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அவ்வெண்ணம் சரிதானா என்பதை ஒருவருடைய வாழ்க்கையைக் கொண்டு இன்று ஆராய்வோம்.

அவர் பெயர் எஸ்.ஆர். நாதன். முழுப் பெயர் செல்லப்பன் ராமநாதன். சிங்கப்பூரின் தூதராகவும், பெரிய நிறுவனங்களின் தலைவராகவும், இறுதியில் அக்குடியரசின் அதிபராகவும் விளங்கிய தமிழர். உலக நாடுகளின் தலைநகரங்களைக் கண்ட இவருடைய வாழ்க்கை, நமக்கு நன்கு பழக்கமான ரப்பரோடு தொடங்குகிறது.

திரு. நாதன் 1924-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 3-ஆம் நாள் சிங்கப்பூரில் பிறந்தார். இளம் பருவத்தை ஜோகூர் மாநிலத்து மூவாரில் கழித்தார். தந்தையார் வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் எழுத்தர். அந்த அலுவலகம் ரப்பர் தோட்டங்களின் சட்ட அலுவல்களைக் கவனித்து வந்தது. 1925-இல் ராத்தலுக்கு ஒரு வெள்ளிக்கு மேல் விற்ற ரப்பர், 1932-இல் பத்துக் காசுக்கும் கீழே இறங்கியது. தோட்டங்களில் வேலை நின்றது. தொழிலாளர் பல்லாயிரக்கணக்கில் கப்பலேற்றப்பட்டுத் தமிழகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அந்த வீழ்ச்சி நாதன் அவர்களின் இல்லத்தையும் தாக்கிற்று. கடன் சுமை தாங்காத தந்தையார் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்போது மகனுக்கு வயது எட்டு.

தந்தையை இழந்த குடும்பம் சிங்கப்பூரில் வறுமையோடு போராடியது. பையனுக்குப் படிப்பில் மனம் ஊன்றவில்லை. பள்ளியைவிட்டு நீக்கவும் பட்டான். பதினாறு வயதளவில் தாயாரோடு பிணங்கி வீட்டைவிட்டு வெளியேறினான். சில காலத்திற்குப்பின் மூவாருக்கே வந்து சேர்ந்தான். அடுத்து ஜப்பானியர் ஆட்சி வந்தது. பிழைப்பதற்காக ஜப்பானிய மொழியைக் கற்று, அவர்களிடம் மொழிபெயர்ப்பாளனாக வேலை பார்த்தான். அந்நாளில் அவனைக் கண்டோர், உருப்படாத பிள்ளை என்றுதான் சொல்லியிருப்பர். நம் தோட்டங்களிலும் அப்படிச் சொல்லப்படும் பிள்ளைகள் உண்டல்லவா?

போர் முடிந்தது. எழுத்தராக வேலை பார்த்துக்கொண்டே, விட்ட படிப்பை நாதன் தாமாகப் பயின்று முடித்தார். பின்னர், அக்காலத்தில் சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1954-இல் சமூகவியல் பட்டயத் தேர்வில் சிறப்புத் தகுதியுடன் தேறினார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ முப்பது. மற்றவர்கள் படிப்பை மறந்து பல ஆண்டுகள் ஆகிவிடும் வயதில் அவர் தேர்வு எழுதினார் என்பதை நாம் கருத வேண்டும்.

படித்து முடித்தவர் முதலில் மருத்துவமனையில் சமூகநல ஊழியரானார். 1956-இல் கப்பல் தொழிலாளர் நல அதிகாரியானார். கப்பலில் வேலை பெறுவதற்கு அக்காலத்தில் இடைத்தரகர்களை அண்ட வேண்டியிருந்தது. வேலை வாங்கிக் கொடுத்தவனுக்குச் சம்பளத்தில் பங்கு போய்விடும். கங்காணி முறையின் கதைகளை நம் பாட்டன்மார் வாயிலாகக் கேட்ட நமக்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை.

1962-இல் அவர் சிங்கப்பூர்த் தொழிலாளர் ஆராய்ச்சிப் பிரிவிற்கு அனுப்பப்பட்டார். தொழிற்சங்கங்களுக்குத் துணைநிற்பதற்காக அமைந்த பிரிவு அது. 1960-ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூரில் தொழில் நடுவர் நீதிமன்றம் ஏற்பட்டுவிட்டது. ஆயினும் நீதிமன்றத்தில் வெறுங்கையோடு நின்றால் என்ன பயன்? நிறுவனத்தாருக்கு வழக்கறிஞரும் கணக்காளரும் உண்டு. தொழிலாளிக்கு யார் உண்டு? அக்குறையைப் போக்குவதே ஆராய்ச்சிப் பிரிவின் வேலை. சம்பளம் எவ்வளவு, விலைவாசி எவ்வளவு ஏறிற்று, நிறுவனம் ஈட்டும் இலாபம் எவ்வளவு என்பவற்றைத் திரட்டி, சங்கத்தின் கோரிக்கையை மறுக்கவியலாத வழக்காக அமைத்துக் கொடுத்தனர். எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதையும் முன்கூட்டியே ஆய்ந்து வைத்தனர். திரு. நாதன் அப்பிரிவின் இயக்குநராக உயர்ந்து, 1966 வரை அங்கே பணியாற்றினார்.

அன்பர்களே, இதுவே அவர் தூதராவதற்குப் பெற்ற பயிற்சி என்பது நம் கருத்து. ஒரு தரப்பின் சார்பில் பேசுவது, எதிர்த்தரப்பின் எண்ணத்தை அறிவது, ஆதாரத்தோடு பேசி இருவரும் ஏற்கும் முடிவுக்கு வருவது ஆகிய மூன்றும் தொழிற்சங்கத்திற்கும் உரியவை, தூதரகத்திற்கும் உரியவை.

சிங்கப்பூர் 1965-இல் தனி நாடாயிற்று. அதன் முதல் வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம். அவரும் நமக்கு அயலார் அல்லர், செரம்பானில் வளர்ந்தவர், தந்தையார் ரப்பர் தோட்ட மேற்பார்வையாளர். அவ்வமைச்சில் திரு. நாதன் 1966-இல் சேர்ந்தார். 1971 முதல் பாதுகாப்பு அமைச்சில் புலனாய்வுப் பிரிவின் இயக்குநராக இருந்தார். அக்காலத்தில்தான் அவர் உயிரைப் பணயம் வைக்க நேர்ந்தது.

1974-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள், ஆயுதம் தாங்கிய நால்வர் புலாவ் புக்கோம் தீவிலுள்ள எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையைத் தாக்கினர். தப்பியோடும்போது 'லாஜு' என்னும் பயணப் படகைக் கைப்பற்றி, அதிலிருந்த 5 பணியாளர்களைப் பிணையாகப் பிடித்தனர். அவர்களும் நம்மைப்போல் கூலிக்கு உழைத்தவர்களே. ஒரு வாரம் பேச்சு நடந்தது. இதற்கிடையே குவைத்திலிருந்த ஜப்பானியத் தூதரகத்தை அந்நால்வரின் கூட்டாளிகள் பிடித்துக்கொண்டனர். போகும் வழியில் தம்மைப் பிடித்துவிடுவார்களோ என்பதே படகிலிருந்தோரின் அச்சம். அந்த அச்சம் நீங்கினாலன்றிப் பிணையாளிகள் மீளமாட்டார்கள். ஆகவே, திரு. நாதன் தலைமையில் 13 அதிகாரிகள் தாமே உத்தரவாதமாகி, பிப்ரவரி 8-ஆம் நாள் அந்நால்வரோடு குவைத்துக்கு விமானமேறினர். என்ன நேருமென்று ஒருவருக்கும் தெரியாது. மறுநாளே அனைவரும் நலமாகத் திரும்பினர். ஓர் உயிரும் போகவில்லை. அவ்வாண்டு அவருக்கு அரசின் உயர்ந்த சேவைப் பதக்கம் வழங்கப்பட்டது.

இனி, அவருடைய வாணிகத் துறைப் பணியைக் காண்போம். 1973 முதல் 1986 வரை மிட்சுபிஷி சிங்கப்பூர் கனரகத் தொழில் நிறுவனத்தின் தலைவராக அவர் இருந்தார். கப்பல் பட்டறை நடத்திய கூட்டு நிறுவனம் அது. போர்க்காலத்தில் வயிற்றுப்பாட்டுக்காகக் கற்ற மொழிக்குரிய ஜப்பானியரோடு, இப்போது தலைவராகச் சரிநிகராய் அமர்ந்து பேசினார். 1982-இல் ஸ்ட்ரெயிட்ஸ் டைம்ஸ் நாளிதழ் நிறுவனத்தின் நிர்வாகத் தலைவரானார். புலனாய்வுத் துறையிலிருந்து வந்தவருக்குப் பத்திரிகையில் என்ன வேலை என்று பத்திரிகையாளர் பலர் வெளிப்படையாகவே எதிர்த்தனர். அவர்களோடு 1988 வரை பணியாற்றி, அந்த ஐயத்தைப் பெரிதும் குறைத்தார்.

அவ்வாண்டிலேயே மலேசியாவுக்கான சிங்கப்பூர் ஹை கமிஷனராகக் கோலாலம்பூர் வந்தார். வீட்டைவிட்டு ஓடி மூவாருக்கு வந்த சிறுவன், ஓர் அரசின் குரலாக அதே நாட்டிற்குத் திரும்பி வந்தார். 1990 முதல் 1996 வரை அமெரிக்காவில் தூதர். 1994-இல் சிங்கப்பூரில் ஓர் அமெரிக்க இளைஞனுக்குப் பிரம்படித் தண்டனை விதிக்கப்பட்டபோது அந்நாடே கொதித்தது. அமெரிக்க அதிபர் வேண்டிக்கொண்டபின் 6 அடி 4 அடியாகக் குறைக்கப்பட்டது. தண்டனை சரியா, தவறா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் கோபம் கொண்ட மக்கள் நடுவே, தொலைக்காட்சியில் தோன்றித் தம் நாட்டின் நிலையைச் சினமின்றி எடுத்துரைப்பது அவர் கடமையாயிற்று. அக்கடமையை அவர் செவ்வனே ஆற்றினார்.

1999-இல் சிங்கப்பூரின் அதிபரானார். 2011 வரை 12 ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். அந்நாட்டில் அத்தனைக் காலம் அதிபராக இருந்தவர் வேறெவருமில்லை. 2016 ஆகஸ்டு 22-ஆம் நாள், தமது 92-ஆம் வயதில் மறைந்தார்.

இவ்வாழ்க்கையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு.

முதலாவது: பள்ளியைவிட்டு நின்ற பிள்ளையைக் கைகழுவிவிடக் கூடாது. எஸ்.பி.எம். தேர்வைத் தனித் தேர்வராகவும் எழுதலாம். பதினேழு வயதில் தவறவிட்டவர் இருபத்தைந்திலும் எழுதலாம். வேலை முடிந்து வரும் மகன் புத்தகத்தை எடுத்தால், இனி எதற்கு என்று கேளாதீர்கள். விளக்கை ஏற்றி வையுங்கள்.

இரண்டாவது: உரிமையைக் கேட்பதற்கு ஆதாரம் வேண்டும். மாதந்தோறும் பெறும் சம்பளச் சீட்டை எறிந்துவிடாமல் சேர்த்து வையுங்கள். எத்தனை நாள் வேலை, எத்தனை கிலோ பால், எவ்வளவு பிடித்தம் என்பதை எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவர் வீட்டுப் பிள்ளையைக் கொண்டு எழுதச் செய்யுங்கள். சங்கக் கூட்டத்தில் கூட்டு ஒப்பந்தத்தை வாசிக்கும்போது, புரியாத இடத்தில் நிறுத்திக் கேளுங்கள். கணக்கு கையில் இருப்பவன் குரலை உயர்த்தத் தேவையில்லை.

உலக மேடையில் பேசிய தூதர், தொழிலாளியின் சம்பளக் கணக்கைக் கூட்டிப் பார்த்துத்தான் பேசக் கற்றார். அந்தக் கணக்கு நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கிறது. இன்றிரவே அதை எடுத்துப் பாருங்கள்.