உழைக்கும் குதிரையின் காலடி



பழைய டில்லியின் வீதிகளில் டோங்கா வண்டிகள் ஓடிய காலம் 2010ஆம் ஆண்டோடு ஏறக்குறைய முடிந்துவிட்டது. மும்பையின் விக்டோரியா வண்டிகள் சட்டத்திற்குப் புறம்பானவை என்று அங்குள்ள உயர்நீதிமன்றம் 2015இல் கூறிற்று. ஆயினும் குதிரை உழைப்பதை நிறுத்திவிடவில்லை. உத்தரப்பிரதேசத்துச் செங்கற்சூளைகளிலும், கேதாரநாத் மலைப்பாதையிலும், மாத்தேரானிலும், வட இந்தியத் திருமண ஊர்வலங்களிலும் இன்றும் அதனைக் காண்கிறோம். பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்களும் யாத்திரையின்போதோ, நண்பர் வீட்டுத் திருமணத்தின்போதோ அதனை வாடகைக்கு அமர்த்துகிறோம். ஆனால் அதன் காலைக் குனிந்து பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்?

நாமும் பார்த்ததில்லை, ஒரு மொழிபெயர்ப்புப் பணிதான் பார்க்க வைத்தது. குளம்புப் பராமரிப்பைப் பற்றிய ஆங்கிலக் கையேடு ஒன்று நம் மேசைக்கு வந்தது. குளம்பின் அடியில் உள்ள ஓர் உறுப்புக்கு ஆங்கிலத்தில் தவளையின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அகராதியை நம்பி, "தவளையை நாள்தோறும் சுத்தம் செய்க" என்று எழுதிவிட்டோம். நண்பர் ஒருவர் படித்துச் சிரித்த பிறகுதான், பொருளை நேரில் கண்டுவருவது நலம் என்று காஸியாபாத்துக்கு அப்பால் உள்ள ஒரு சூளைக்குச் சென்றோம்.

அங்கே லாடம் அடிப்பவர் ஒரு மட்டக்குதிரையின் முன்னங்காலை மடக்கித் தூக்கிக் காட்டினார். குளம்பின் அடியில், பின்புறத்திலிருந்து முன்னோக்கிக் கூம்பும் முக்கோண வடிவில், ரப்பரைப் போன்ற மெத்தை ஒன்று இருந்தது. கால் தரையில் ஊன்றும்போது குளம்பின் பின்பகுதி சற்றே விரிகிறது. இம்மெத்தையும் இதற்கு மேலுள்ள தசைமெத்தையும் அமுங்கி அதிர்ச்சியைத் தாங்குகின்றன. குருதி மேலே திரும்பிச் செல்லவும் துணைபுரிகின்றன. நிற்கும் குதிரையின் எடையில் நூற்றுக்கு அறுபது பங்கு முன்னங்கால்களின் மீதே விழுகிறது. முழங்காலுக்குக் கீழே பெருந்தசை ஏதும் இல்லை. எலும்பும், தசைநாணும், மூட்டுமே உள்ளன. ஆகவே குளம்பு தாங்காத அதிர்ச்சியை மூட்டுத்தான் தாங்க வேண்டும்.

குளம்பு மாதத்திற்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வளர்கிறது. வெறுங்காலுடன் திரியும் குதிரைக்குத் தரையே அதனைத் தேய்த்துவிடும். லாடம் அடித்த காலில் குளம்பு தேய்வதில்லை. முன்முனை நீண்டுகொண்டே போகும். முனை நீண்டால் ஒவ்வோர் அடியிலும் காலைப் பெயர்த்தெடுப்பது கடினமாகிறது. பின்புறத் தசைநாண் இழுபடுகிறது. குளம்புக்குள் இருக்கும் சிறு எலும்பு அழுத்தப்படுகிறது. குளம்பின் ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்திருந்தாலோ, மூட்டின் ஒரு பாதியே சுமையை ஏற்கிறது. ஆகவே ஆறு வாரத்திற்கு ஒருமுறையேனும் லாடத்தைக் கழற்றிக் குளம்பைச் சீவ வேண்டும்.

சூளையில் நாம் கண்ட குதிரைக்காரர் இதனை ஒப்பவில்லை. "இரும்பு இன்னும் தேயவில்லையே, ஐயா! தேயாததைக் கழற்றிக் கூலி கொடுப்பானேன்?" என்றார். அவர் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. குதிரையின் தீனி போக மிஞ்சுவதில்தான் அவர் வீட்டில் உலை ஏறுகிறது. ஆனால் இரும்பு தேயும் கணக்கு வேறு, குளம்பு வளரும் கணக்கு வேறு. நொண்டிய குதிரை ஒரு மாதம் நின்றுவிட்டால் எத்தனை லாடத்தின் கூலி போகும் என்று லாடம் அடிப்பவர் அவருக்கு விரல்விட்டு எண்ணிக் காட்டினார். அவர் சொன்ன மற்றொன்றையும் குறித்துக்கொண்டோம்: காலுக்கு ஏற்ப லாடத்தை வளைக்க வேண்டுமேயன்றி, கடையில் வாங்கிய லாடத்திற்கு ஏற்பக் காலை அராவக் கூடாது.

நாள்தோறும் செய்யவேண்டியதற்குக் காசு தேவையில்லை. வேலைக்கு முன்னும் பின்னும் குளம்பில் சிக்கிய கல்லையும் சாணத்தையும் நீக்கினால் போதும். மூத்திர ஈரத்தில் நிற்கும் குதிரைக்கு அந்த மெத்தை கறுத்து, அழுகி, துர்நாற்றம் வீசும். காலையில் எடுத்த எடுப்பில் ஓடவிடாமல் பத்து நிமிடமேனும் நடத்திச் செல்வது மூட்டுக்கு நல்லது. மாலையில் கையால் தடவிப் பார்த்து, ஒரு கால் மற்றதைவிடச் சூடாகவோ வீங்கியோ இருந்தால் குளிர்ந்த நீரை ஊற்றி, மறுநாள் வேலையை நிறுத்துவதே முறை. வலி மறக்க ஊசி போட்டு மீண்டும் சுமையேற்றுவது, உள்ளே இருக்கும் புண்ணைப் பெரிதாக்கும். நொண்டும் காலுக்குக் காய்ச்சிய இரும்பால் சூடு போடும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. அதனால் குணமேதும் இல்லை. கால்நடை மருத்துவம் அதனைக் கைவிட்டுவிட்டது.

தீனிக்கும் குளம்புக்கும் தொடர்பு உண்டென்பது நமக்குப் புதிதாக இருந்தது. பழக்கமில்லாத குதிரை ஒரே வேளையில் தானியத்தை மிகுதியாகத் தின்றுவிட்டால், குளம்பின் உட்புறத்தை எலும்போடு இணைக்கும் படலம் அழற்சியுற்றுத் தளர்கிறது. முன்னங்கால்களை நீட்டிப் பின்னோக்கிச் சாய்ந்து நிற்பது அதன் அறிகுறி. அப்போது குளம்பைப் பனிக்கட்டி நீரில் வைத்து மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். தாமதித்தால் எலும்பே குளம்புக்குள் கீழிறங்கிவிடும். திருமண வீட்டில் அன்பின் மிகுதியால் கூடை கூடையாகக் கடலை வைப்பவர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வண்டி இழுக்கும் குதிரைக்கும் பொதி சுமக்கும் குதிரைக்கும் 1965ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் காப்பளிக்கின்றன. ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்திற்கு மேல் வேலை கூடாது. ஓய்வின்றித் தொடர்ந்து ஐந்து மணி நேரத்திற்கு மேல் கூடாது. வெப்பம் 37 டிகிரியைக் கடக்கும் இடங்களில் நண்பகல் பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை அறவே கூடாது. அடுத்த முறை குதிரை அமர்த்தும்போது, அதனைப் பத்தடி நடக்கச் சொல்லிப் பாருங்கள். முன்னங்கால் ஒன்று வலிக்குமானால், அந்தக் கால் ஊன்றும்போது தலை மேலே எழும்; நல்ல கால் ஊன்றும்போது தாழும். அத்தகைய குதிரையை மறுத்து, காரணத்தை உரியவரிடம் சொல்லுங்கள்.

நம் சூளைக்காரர் அன்று லாடத்தை மாற்றிக்கொண்டார். ஆறு வாரத்தை எப்படி நினைவில் வைப்பதென்று கேட்டு, தாமே கரித்துண்டால் சுவரில் முதற் கோட்டை இழுத்தார். நாம் கைப்பிரதியில் தவளையை அடித்துவிட்டு, "குளம்பின் மெத்தை" என்று திருத்தினோம்.