'கண்டறியப்படவில்லை' என்றால் இல்லை என்று அர்த்தமா?

வீட்டு போர்வெல் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுக்கறீங்க. 'ஈயம்: கண்டறியப்படவில்லை' என்று அறிக்கை வருகிறது. அப்பாடா என்று மடித்து வைத்துவிடுவோம். ஒரு நிமிஷம் பொறுங்க. எந்தக் கருவியில் பார்த்தாங்க?

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500. அதன்படி ஒரு லிட்டர் தண்ணீரில் ஈயம் 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, காட்மியம் 0.003, பாதரசம் 0.001. சுடரில் அளக்கும் சாதாரண அணு உறிஞ்சல் கருவியால் இவ்வளவு நுண்ணிய ஈயத்தை நம்பகமாக அளக்க முடியாது. கிராஃபைட் உலை உள்ள கருவியோ, ஐசிபி-எம்எஸ் கருவியோ வேண்டும். அதனால் ஆய்வகத்துக்குக் கருவி வாங்கும் டெண்டரில், விலைக்கு முன்னால் பார்க்க வேண்டியது அது எவ்வளவு குறைவான அளவைக் காட்டும் என்பதைத்தான்.

வாங்கினால் மட்டும் போதுமா? ஐசிபி-எம்எஸ் ஆர்கான் வாயு இல்லாமல் ஓடாது. வாயுவுக்கும், பராமரிப்புக்கும், இயக்கத் தெரிந்த வேதியியலாளருக்கும் நிதி ஒதுக்காவிட்டால், அது துணி போர்த்திய பெட்டிதான். (எங்க ஆபீஸ் ஜெராக்ஸ் மெஷின் ஞாபகம் வருது, விடுங்க.)

உலோகச் சோதனைக்குப் பழைய குளிர்பான பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போகாதீங்க. உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் மாதிரியில் நைட்ரிக் அமிலம் சேர்க்கிறார்கள். ஆய்வகத்திலேயே பாட்டில் கேளுங்க. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஈயம் போகாது.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் பொதுமக்களும் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். ஈயம் வேண்டுமென்றால் பெயர் சொல்லிக் கேளுங்க. அறிக்கை வாங்கும்போது, "இந்தக் கருவி குறைந்தது எவ்வளவு வரை அளக்கும் சார்?" என்றும் கேளுங்க. பதில் 0.01-க்குக் கீழே இருக்கணும்.