பழைய லேப்டாப் கிளம்பாவிட்டால்

(வாசகசாலைக் கூட்டம் ஒன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச வந்திருப்பது பெரிய தத்துவ விஷயம் அல்ல. பழைய லேப்டாப் ஒன்று, சுவிட்சை அழுத்தியும் கிளம்பாமல் கிடந்தால் என்ன செய்வது என்பதேயாகும். இது நமக்கு எதற்கு என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். 2011-ம் வருஷம் முதல் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு லேப்டாப் இலவசமாய்க் கொடுக்கப்பட்டதன் பயனாய், அதற்கு முன் அந்த யந்திரத்தைக் கண்ணால் கூடப் பாராத வீடுகளிலும் அது நுழைந்தது. வருஷக்கணக்கில் உழைத்த பின், அவற்றில் சில பரண்மேல் கிடப்பதை நான் பார்க்கிறேன். ஏன் என்று கேட்டால், "போர்டு போய்விட்டதாம்" என்கிறார்கள். யார் சொன்னது? யாரோ சொன்னார்கள். எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அது தெரியாது!

தோழர்களே! நானும் அப்படி இருந்தவன்தான். சில வருஷங்களுக்கு முன் எனது லேப்டாப் ஒரு நாள் காலையில் கிளம்பவில்லை. ஒரு கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். "போர்டு போய்விட்டது, இனி பழைய சாமானுக்குத்தான் ஆகும்" என்றார்கள். யாதொரு கேள்வியும் கேட்காமல் 500 ரூபாயை வாங்கிக் கொண்டு வீடு திரும்பினேன். காலஞ்சென்ற என் தாயார் பேசியதை ஒரே ஒரு தடவை பதிவு செய்து வைத்திருந்தேன்; அது அந்த யந்திரத்தோடு போய்விட்டது. போர்டு வேறு, நமது பதிவுகள் இருக்கும் டிஸ்க் வேறு என்பதும், பழைய யந்திரங்களில் பெரும்பாலும் டிஸ்க்கைத் தனியே கழற்றி எடுத்துக் கொள்ளலாம் என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. கடைக்காரர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் சொன்னது நிஜமாகவே இருக்கலாம். நான் கேட்காமல் நம்பினேன் என்பதுதான் குற்றம்.

ஆகவே, யந்திரம் கிளம்பவில்லை என்று மொத்தமாய்ச் சொல்லிவிடாமல், எதுவரை வந்து நிற்கிறது என்று முதலில் கவனியுங்கள். இதில் மூன்று விதம் உண்டு.

முதலாவது, விளக்கும் எரியவில்லை, விசிறியும் சுற்றவில்லை என்பது. இது பெரும்பாலும் மின்சாரம் உள்ளே போகாத கோளாறு. அதே பிளக்கில் வேறொரு விளக்கைப் போட்டுப் பாருங்கள். பிறகு சார்ஜரைப் பாருங்கள். அதன்மேல் எத்தனை வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். அநேகமாய் 19-ஐ ஒட்டி இருக்கும். பின் பொருந்தி, வோல்ட் அதே அளவும், ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ உள்ள வேறொரு சார்ஜரை இரவல் வாங்கிச் சோதிக்கலாம். அதற்கும் அசையாவிட்டால், சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியையும் கழற்றிவிட்டு, சுவிட்சை அரை நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கியிருக்கும் மிச்ச மின்சாரத்தால் சில சமயம் யந்திரம் திகைத்து நின்றுவிடும். அது இதனால் வடிந்து போகும். பிறகு பேட்டரி இல்லாமல் சார்ஜரை மட்டும் மாட்டிப் பாருங்கள். கிளம்பி, பேட்டரியைத் திரும்ப மாட்டியதும் நின்று போனால், குற்றவாளி பேட்டரிதான். ஆனால் ஒன்று: பேட்டரி உப்பியிருந்தால் அதைக் குத்தவோ அழுத்தவோ வேண்டாம், சார்ஜும் போட வேண்டாம். அது தீப்பிடிக்கும்.

இரண்டாவது, விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, ஆனால் திரை மட்டும் இருட்டு என்பது. திரையில் டார்ச்சு விளக்கைச் சாய்வாய் அடித்துப் பாருங்கள். மங்கலாய்ப் படம் தெரிந்தால் யந்திரம் ஓடுகிறது, திரைக்குப் பின்னுள்ள வெளிச்சம்தான் போயிருக்கிறது என்று அர்த்தம். வீட்டு டெலிவிஷனில் கம்பி மாட்டியும் பார்க்கலாம். அங்கும் ஒன்றும் வராவிட்டால் ராமைச் சந்தேகியுங்கள். சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு அடிமூடியைத் திறந்து, ராமைக் கழற்றி, அதன் மஞ்சள் முனைகளை அழி ரப்பரால் மெதுவாய்த் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டு அழுத்தமாய் மாட்டுங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாய் மாட்டிச் சோதியுங்கள்.

மூன்றாவது, கம்பெனிப் பெயர் திரையில் வந்து அதற்குமேல் போகாமல் நிற்பது. இது பெரும்பாலும் டிஸ்க்கின் கோளாறோ, அதில் பதிந்துள்ள விண்டோஸ் முதலியவற்றின் கோளாறோதான். டிஸ்க்கிலிருந்து "டிக், டிக்" என்று சத்தம் கேட்டால் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் உள்ளே இருப்பது அழியக்கூடும். சத்தமில்லாவிட்டால் டிஸ்க்கைக் கழற்றி யு.எஸ்.பி. உறையில் போட்டு, வேறு யந்திரத்தில் மாட்டி, முதலில் உங்கள் படங்களையும் கணக்குகளையும் பிரதி எடுத்துக் கொள்ளுங்கள். ரிப்பேர் அதற்குப் பிறகு.

இவை எல்லாவற்றிலும் ஒரு விதியை மறக்கக்கூடாது. ஒரு சமயத்தில் ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். நான்கு காரியத்தைச் சேர்த்துச் செய்தால், யந்திரம் கிளம்பினாலும் எதனால் கிளம்பிற்று என்பது தெரியாது. அடுத்த தடவை மறுபடியும் இருட்டிலேயே தடவ வேண்டியதுதான்.

சென்ற மாதம் எங்கள் தெருவில் தையல் வேலை செய்யும் ஓர் அம்மாள், மகனுடைய பழைய லேப்டாப்பைக் காயலான் கடைக்குப் போட எடுத்துப் போனார். மூன்று வருஷத்துக் கடன் கணக்கு அதில் இருந்தது. நிறுத்தி வாங்கிப் பார்த்தேன். விசிறி சுற்றிற்று, திரை இருட்டு. டார்ச்சு அடித்தேன், ஒன்றும் இல்லை. ராமைத் துடைத்து மாட்டினேன், கிளம்பிவிட்டது! செலவு ஓர் அழி ரப்பர். நான் கெட்டிக்காரன் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த அம்மாள் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக் கொண்டார். இனி அவரே செய்துகொள்வார்.

எல்லா யந்திரமும் இப்படிப் பிழைக்கும் என்று நான் சொல்லவில்லை. போர்டு உண்மையிலேயே போவதும் உண்டு. அப்பொழுதும், "எதை வைத்து அப்படிச் சொல்லுகிறீர்கள்?" என்று கேளுங்கள். கேட்டால் தெரிந்தவர் கோபித்துக் கொள்ள மாட்டார், காட்டுவார். விற்பதானாலும் டிஸ்க்கைக் கழற்றிக் கொண்டு விற்றுவிடுங்கள். நான் அன்று அந்த ஒரு வார்த்தை கேட்டிருந்தால், என் தாயார் குரல் இன்று என்னிடம் இருந்திருக்கும்.

 யந்திரம் கொண்டு வந்திருக்கும் தோழர்கள் முன்னால் வரலாம். சேர்ந்து திறந்து பார்ப்போம்.