ஒரே மருந்தை நம்பினால் புல்லுதான் ஜெயிக்கும்

(தோட்டத்தில் நடந்த மாதாந்தக் குடும்பக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



போன மாதம் கூட்டம் முடிந்து போகும்போது ஒரு அம்மா என்னை லயத்து ஓரத்தில் நிறுத்திக் கேட்டார். "ஐயா, எங்களுக்குப் பிரிச்சுக் கொடுத்த மலைக்கு வீட்டுக்காரர் மூணு தடவை மருந்தடிச்சிட்டார். மத்த புல்லெல்லாம் காஞ்சிருச்சு. ஒரு ஜாதி மட்டும் பச்சையா நிக்குது. இப்ப ரெண்டு மடங்கு ஊத்தப் போறேங்கிறார். ஊத்தலாமா?" அந்தக் கேள்விக்குப் பதில்தான் இன்றைய பேச்சு.

ஒரு உண்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். பல வருஷத்துக்கு முந்தி இதே கேள்வியை ஒருவர் கேட்டபோது, "கொஞ்சம் கூட ஊத்திப் பாருங்க" என்று சொன்னவன் நான்தான். அவரும் ஊற்றினார். காசு போனது, கையெல்லாம் அரிப்பு வந்தது, புல்லு மட்டும் போகவில்லை. அன்றைக்குத் தெரியாமல் சொன்னேன். இன்றைக்குத் தெரிந்து சொல்கிறேன்: ஊற்றக் கூடாது.

ஏன் என்று கேட்பீர்கள். புல்லுக்கு மருந்து பழகிப் போச்சு என்று நாம் பேசிக்கொள்கிறோம். நடப்பது அதுவல்ல. ஆயிரக்கணக்கான புல்லில் ஒன்றிரண்டு, பிறவியிலேயே அந்த மருந்தைத் தாங்கும். மருந்தடித்ததும் மற்றதெல்லாம் சாகும். தாங்கியது பூத்து விதை கொட்டும். அந்த விதையில் முளைப்பதும் பெரும்பாலும் தாயைப் போலவே தாங்கும். திரும்பவும் அதே மருந்தை அடித்தால், ஸ்டோரில் சல்லடை போட்டுச் சலிப்பது போல, சாகாத புல்லை நாமே சலித்து எடுத்து மலையில் விதைக்கிறோம்.

இது நம் தோட்டத்தில் மட்டும் உள்ள கதை இல்லை. அவுஸ்திரேலியாவில் கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை வயல்கள். அங்கே ரை புல் என்று ஒரு களை. அது மருந்துக்குச் சாகவில்லை என்று 1982ஆம் ஆண்டே எழுதி வைத்திருக்கிறார்கள். நாம் அடிக்கும் கிளைபோசேட்டையும் அந்தப் புல்லு தாங்குகிறது என்று 1996இல் தெரிய வந்தது. மலேசியாவில் ஒரு பழத்தோட்டத்தில் 1997இல் வேறொரு புல்லு அதே மருந்துக்குச் சாகாமல் நின்றது. அந்தப் புல்லு உங்களுக்கும் தெரியும். தட்டையான வெள்ளைத் தண்டு, விரல் விரித்தது போல் கதிர், லயத்து வாசலில் முளைக்கும், பிடுங்கினால் லேசில் வராது. அதேதான்.

அவுஸ்திரேலிய விவசாயிகள் என்ன செய்தார்கள்? மருந்தை மட்டும் நம்பித் தோற்ற பிறகு, விதையைப் பிடிக்க வேண்டும் என்று கண்டுகொண்டார்கள். அறுவடை நேரத்தில் பதரோடு வரும் களை விதையை வயலில் கொட்டவிடாமல் வண்டியில் சேர்த்தார்கள், எரித்தார்கள். ரே ஹாரிங்டன் என்ற விவசாயி அந்த விதையை இடித்துத் தூளாக்கும் இயந்திரமே செய்தார். அவ்வளவு பெரிய இயந்திரம் நமக்கு வேண்டாம். நமக்குக் கையும் ஒரு உரச் சாக்கும் போதும்.

நம் நாட்டில் நடந்ததும் ஞாபகம் இருக்கும். 2015இல் கிளைபோசேட்டைத் தடை செய்தார்கள். 2018இல் தேயிலைக்கும் றப்பருக்கும் மட்டும் விட்டார்கள். 2021இல் இரசாயனம் எல்லாவற்றுக்கும் தடை வந்தது. அந்த வருஷ முடிவிலேயே அதைத் தளர்த்தினார்கள். 2022இல் கிளைபோசேட் தடையும் நீங்கியது. முதல் தடைக் காலத்தில் சில இடங்களில் வேறு மருந்து அடித்து, அதன் எச்சம் நம் தேயிலையில் இருக்கிறதென்று ஜப்பானில் பிரச்சினையாகிவிட்டது. ஒரே போத்தலை நம்பி இருந்தால், அந்தப் போத்தல் இல்லாத நாளில் நம் பாடு என்ன என்று அப்போதே பார்த்துவிட்டோம்.

சரி, இனி என்ன செய்வது?

முதலாவது, குற்றம் புல்லிலா அடித்த விதத்திலா என்று பாருங்கள். அடித்த கையோடு மழை பெய்தாலும், கலங்கிய கான் தண்ணீரில் கலக்கினாலும், புல்லு முற்றிய பிறகு அடித்தாலும் மருந்து வேலை செய்யாது. அப்போது எல்லா ஜாதியும் கலந்து மிஞ்சும். ஒரே ஜாதியில் ஒரு செடி செத்து, பக்கத்துச் செடி பச்சையாக நின்றால்தான் சந்தேகப்பட வேண்டும். அப்படிக் கண்டால் உடனே வெளிக்கள உத்தியோகத்தரிடம் காட்டுங்கள்.

இரண்டாவது, மிஞ்சியதைப் பூக்கவிடாதீர்கள். மழை பெய்து மண் இளகிய நேரம் வேரோடு பிடுங்குங்கள். விதை வைத்திருந்தால் பாதையில் எறியாமல் சாக்கில் போட்டு வெளியே கொண்டு வாருங்கள். சப்பாத்திலும் மண்வெட்டியிலும் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு அடுத்த மலைக்குப் போங்கள்.

மூன்றாவது, அளவு. கூட்டவும் வேண்டாம், மிச்சம் பிடிக்கக் குறைக்கவும் வேண்டாம். குறைத்தால் அரைகுறையாகத் தாங்கும் புல்லும் பிழைத்து விதை போடும். போத்தலில் எழுதிய அளவுதான் அளவு. அடுத்த முறை எந்த மருந்து, அல்லது மருந்தே இல்லாமல் கையால் எடுப்பதா என்று உத்தியோகத்தரிடம் கேட்டு மாற்றுங்கள்.

நான்காவது, வெயில் படாத மண்ணில் புல்லு குறையும். செத்துப்போன தேயிலைக்குப் பதில் புதுக் கன்று வையுங்கள். கவ்வாத்து வெட்டிய மலையில்தான் புல்லு கூடுதலாக வரும். அந்தக் கிளையை எல்லாம் விறகுக்கு அள்ளிவிடாமல் இலையையும் சின்னக் குச்சியையும் மண்ணிலேயே பரப்புங்கள். அதற்காகச் சொரண்டி போட்டு நிலத்தை வழிக்கவும் கூடாது. சரிவில் மேல்மண் மழையோடு போனால் திரும்பி வராது.

கடைசியாக, இது என் வேலையோடு சேர்ந்தது. மருந்து கலக்கிய வாளி குசினிக்குள் வரக் கூடாது. வெறும் போத்தலில் தண்ணீரோ மண்ணெண்ணெயோ ஊற்றி வைக்காதீர்கள். அடித்த உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு துவைக்காதீர்கள். கர்ப்பிணிகளையும் பிள்ளைகளையும் அந்த மலைக்கு விடாதீர்கள்.

அந்த அம்மாவின் வீட்டுக்காரர் இன்று இங்கே வந்திருக்கிறார். கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணே. அந்தப் பச்சைப் புல்லு இன்னும் பூக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நானும் ஒரு சாக்கோடு வருகிறேன். சேர்ந்து பிடுங்குவோம். இரண்டு மடங்கு மருந்துக்குப் போகும் காசு பிள்ளையின் கொப்பிக்கு ஆகட்டும்.