மறக்கவொண்ணாத் தந்தையர்

(பாபநாசத்தில் நடைபெற்ற வெள்ளி விழாவில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

நூல்களில் நாம் காணும் தந்தையரைப் பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். தாயைப் போற்றும் நூல்கள் நம்மிடம் பலவுண்டு. தந்தையோ பெரும்பாலும் வயலிலேயே நின்றுவிடுகின்றார். ஏட்டிற்குள் அவர் வருவது அரிது.

வள்ளுவப் பெருந்தகை 'மக்கட்பேறு' என்னும் அதிகாரத்தில் தந்தையின் கடமையையும் கூறினார்; மகன் செய்ய வேண்டிய கைம்மாற்றையும் கூறினார். கற்றோர் கூடிய அவையில் மகனை முன்வரிசையில் இருத்துவதே தந்தையின் கடமை என்பது அவர் கருத்து. இங்கே நமக்கு ஒரு வினா எழுகின்றது. அந்த அவைக்குள் கால்வைக்கவே விடப்படாத ஒரு தந்தை, தம் மகனை எவ்வாறு முன்வரிசையில் இருத்துவார்?

முதலில் நம் ஊர்ப்பக்கத்திலிருந்தே தொடங்குவோம். பாபநாசத்திற்கு அருகிலுள்ள உத்தமதானபுரம், தமிழ்த்தாத்தா உ.வே.சாமிநாதையரின் ஊர். அவர்தம் 'என் சரித்திரம்' என்னும் நூலில் தந்தையார் வேங்கடசுப்பையர் உயிரோவியமாக நிற்கின்றார். இராமாயணக் கதை சொல்லிப் பிழைத்த இசைவாணர் அவர். மகன் இசை கற்க வேண்டும் என்பதே அவர் விருப்பம். ஆயினும் மகனின் நாட்டம் தமிழில் என்றறிந்ததும், நல்ல ஆசிரியரைத் தேடி ஊர்விட்டு ஊர் குடிபெயர்ந்தார். முடிவில் 1871ஆம் ஆண்டில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மகனைச் சேர்ப்பித்தார். வறுமையிலும் மகனின் கல்விக்காக நடந்த அந்தக் கால்களை நாம் வணங்கவே வேண்டும். ஆனால் ஒன்றை மறத்தலாகாது. அவர் தட்டிய கதவுகள் திறந்தன. அந்நாளில் நம் சேரித் தந்தை ஒருவர் அவ்வாறு நடந்திருந்தால், திண்ணைப் பள்ளியின் வாசற்படியே அவரைத் தடுத்திருக்கும்.

கதவு திறவாத நிலையில் தந்தை என்ன செய்தார் என்பதற்குச் சான்று சுபேதார் ராம்ஜி சக்பால், அண்ணல் அம்பேத்கரின் தந்தையார். இராணுவப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். வீட்டில் பிள்ளைகளை நாள்தோறும் இதிகாசங்களைப் படிக்கச் செய்தார். ஏன் என்று அம்பேத்கர் வினவியபோது, தாழ்ந்தவர் என்ற எண்ணம் உங்கள் மனத்தில் வேரூன்றிவிடக் கூடாது. எளிய நிலையிலிருந்து உயர்ந்தவர்களின் கதை அதை நீக்கும் என்னும் பொருள்பட விடை கூறினார். பம்பாயில் ஓர் அறையே கொண்ட குடியிருப்பு. மகனை முன்னிரவில் உறங்கச் செய்து, தாம் விழித்திருந்து, இரண்டு மணிக்கு அவரை எழுப்பிப் படிக்கச் சொல்லிவிட்டுப் பின்னரே தாம் உறங்குவாராம். மகன் விரும்பிய நூலை வாங்கப் பணமில்லாதபோது, மணமாகிச் சென்ற பெண்மக்களிடம் கடன் கேட்டார். அவர்களுடைய நகையையும் பெற்று அடகு வைத்தார்.

இத்தகைய தந்தையின் அன்பாலும் தடுக்கவியலாத இழிவு வெளியே காத்திருந்தது. 1901ஆம் ஆண்டில் தந்தையைக் காணச் சென்ற சிறுவர்கள் மசூர் இரயில் நிலையத்தில் இறங்கினர். சாதி இன்னதென்று தெரிந்ததும் வண்டிக்காரர் எவரும் ஏற்றவில்லை. இரட்டிப்புக் கூலி தந்து, வண்டியைத் தாமே ஓட்டிச் சென்றனர். இரவு முழுதும் குடிக்க நீர் கிடைக்கவில்லை. ராம்ஜி 1913 பிப்ரவரியில் மறைந்தார். அதே ஆண்டில் மகன் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகம் சென்றார். அக்காட்சியைக் காண, இரவெல்லாம் விழித்திருந்த அந்தக் கண்கள் இல்லை!

ராம்ஜி கற்றவர். கல்லாத தந்தைக்கு வழியில்லையோ என்று சிலர் நினைக்கலாம். 1997இல் இந்தியில் வெளிவந்த 'ஜூட்டன்' என்னும் ஓம்பிரகாஷ் வால்மீகியின் தன்வரலாறு அதற்கு விடை கூறுகின்றது. உத்தரப்பிரதேசத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில், தலைமையாசிரியர் அச்சிறுவனை வகுப்பிலிருந்து எழுப்பி, நாள் முழுதும் பள்ளி வளாகத்தைப் பெருக்கச் செய்தார். மூன்றாம் நாள் அவ்வழியே வந்த தந்தை அதைக் கண்டார். மகன் கையிலிருந்த துடைப்பத்தைப் பிடுங்கி எறிந்தார். என் மகன் இப்பள்ளியில்தான் படிப்பான் என்று தலைமையாசிரியரின் முகத்திற்கு நேரே முழங்கினார். அத்தந்தைக்குச் சொத்தில்லை, பட்டமில்லை, துணிவு இருந்தது. தலைமையாசிரியரின் நாற்காலியில் அமர்ந்திருக்கும் எனக்கு, அந்தப் பக்கம் படிக்குந்தோறும் உறுத்துகின்றது, உறுத்தவும் வேண்டும்.

எல்லாத் தந்தையரும் வென்றாரில்லை. 1979இல் வெளிவந்த பூமணியின் 'பிறகு' என்னும் நாவலில் வரும் அழகிரி, கரிசல் காட்டு ஊரொன்றில் தோல்வேலை செய்து பிழைப்பவர். மகள் முத்துமாரியின் வாழ்வைப் பற்றிய கவலையைச் சுமந்தே அவர் காலம் கழிகின்றது. நாடு விடுதலை பெற்ற 'பிறகும்' அவர் சுமை இறங்கவில்லை. பெண்ணைப் பெற்ற தந்தையின் துயரையும் நாம் மறவாதிருக்க அழகிரி நமக்கு வேண்டும்.

நம் தஞ்சைத் தரணியிலும் ராம்ஜிகள் இல்லாமற் போகவில்லை. 1952ஆம் ஆண்டில் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன், பண்ணையாளின் மகன் மிராசுதாரின் மாட்டை மேய்ப்பதே வழக்கம். அவ்வழக்கத்தை மீறி, நடவுக் கூலியில் மிச்சம் பிடித்துச் சிலேட்டு வாங்கித் தந்த தந்தையர் இருந்தனர். அவர்கள் இல்லையேல் இம்மேடையில் நாம் இல்லை. ஆனால் அவர்களைப் பற்றி எழுதிய ஏடு எங்கே?

ஆதலின் இரண்டு வேண்டுகோள்களுடன் முடிக்கின்றேன்.

தந்தையரே! படிக்கத் தெரியவில்லையே என்று பின்வாங்காதீர்கள். மாலையில் பிள்ளையின் அருகில் அரைமணி நேரம் அமர்ந்திருங்கள். அதுவே ராம்ஜியின் வழி. பள்ளிக்கு வந்தால் கதவோரம் நில்லாதீர்கள். நாற்காலியில் அமர்ந்து கேளுங்கள். ஆணோ பெண்ணோ, கைக்கு ஒரு கூலி கிடைக்கின்றதென்று பிள்ளையை இடையில் நிறுத்தாதீர்கள்.

இளைஞர்களே! மராத்தியில் நரேந்திர ஜாதவ் தம் தந்தையை வாழ்க்கைக் கதையை எழுதும்படி தூண்டினார். மும்பையில் கடைநிலைத் தொழிலாளியாக உழைத்த அப்பெரியவரின் குறிப்புகளே 1993இல் வெளிவந்த நூலுக்கு அடிப்படையாயின. நீங்களும் ஒரு குறிப்பேட்டுடன் உங்கள் அப்பாவின், தாத்தாவின் அருகில் அமருங்கள். எந்தப் பண்ணையில் உழைத்தார், கூலி எத்தனை மரக்கால், முதன்முதலில் யார் அவரைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றார் என்று கேட்டு எழுதுங்கள். அவருடைய குறைகளையும் மறையாமல் எழுதுங்கள். மகன் மட்டுமன்று, மகளும் எழுதட்டும். தந்தைக்குச் செய்யும் கைம்மாறுகளுள் இதனினும் உயர்ந்தது வேறில்லை.