சிக்கனமான ரீலும் பழகிய கட்டைவிரலும்



1932-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 2-ஆம் நாள், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்னும் இளங்குடியானவர் ஒருவர், நண்பருடன் மாண்ட்கோமரி ஏரிக்குத் தூண்டில் போடச் சென்றார். பெரும் பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிய காலம் அது. இருவருக்கும் சேர்த்து ஒரு கோல், ஒரு ரீல். மாறி மாறி வீசிக்கொண்டனர். அன்று பெர்ரியின் தூண்டிலிற் சிக்கிய பெருவாய் பாஸ் மீன் 22 பவுண்டு 4 அவுன்ஸ் நிறை இருந்தது. எடை போட்டுப் பதிவு செய்துகொண்டபின், அதனை வீட்டாருடன் சமைத்து உண்டுவிட்டார். 77 ஆண்டுகள் கழித்து, 2009-இல், ஜப்பானிலுள்ள பிவா ஏரியில் அகப்பட்ட மீனொன்று அதனை ஓர் அவுன்ஸுக்கும் குறைவாகவே விஞ்சியது. 2 அவுன்ஸேனும் கூடினாலன்றிப் புதிய சாதனையாகக் கொள்வதில்லை என்பது விதியாதலால், இரண்டும் நிகரென்றே எழுதப்பட்டன.

விலையுயர்ந்த கருவி இருந்தாலன்றி நல்ல மீன் கிட்டாது என்று நம்புவோர்க்கு இச்செய்தியை முதலிற் சொல்லிவிடுவது நம் வழக்கம்.

பாஸ் என்பது வட அமெரிக்காவின் நன்னீர் நிலைகளுக்கு உரிய மீன். நீரில் வீழ்ந்து கிடக்கும் மரங்களிடையேயும் பாசியின் ஓரங்களிலும் பதுங்கியிருந்து, அருகே நீந்தி வருவதன்மீது பாயும் இயல்புடையது. ஆகவே, பொய்யிரையை மீன் பதுங்கும் இடத்தில், ஒரு சாண் பிசகாமல் விழச் செய்யவேண்டும். அதற்கென்றே வளர்ந்த கருவிதான் கோலின் மேற்புறத்தில் அமரும், உருளை சுழலும் ரீல். நம் நாட்டிலும் தவளை வடிவான பொய்யிரை கொண்டு விரால் பிடிப்போர் இப்போது இதனை விரும்பி வாங்குகின்றனர். விராலும் பாசியடியிற் பதுங்கும் மீனே ஆதலால், இதில் வியப்பில்லை.

இக்கருவியைப் பெற்றெடுத்தவர்கள் கடிகாரத் தொழிலாளர்கள். கெண்டக்கி மாநிலத்தில் பாரிஸ் என்னும் சிற்றூரிலிருந்த ஜார்ஜ் ஸ்னைடர் என்பார், 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில், கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் உருளை பலமுறை சுழலும்படி பற்சக்கரங்களை அமைத்தார் என்பர். கடிகாரத்தில் தேர்ந்த கை அல்லவா! அவருக்குப்பின் மீக் சகோதரர்கள் அதனை மேலும் செப்பஞ் செய்தனர். நரம்பு ஒரே இடத்திற் குவியாமல் உருளையின்மீது சீராகப் படியச் செய்யும் அமைப்புக்கு, 1897-ஐ ஒட்டி மிச்சிகனைச் சேர்ந்த வில்லியம் ஷேக்ஸ்பியர் என்பவர் உரிமை பெற்றார். நாடகாசிரியருக்கும் இவருக்கும் பெயரளவில்தான் உறவு. 1952-இல் சுவீடன் நாட்டில் வெளியான ஆம்பாஸடர் 5000 என்னும் ரீல், வீசும்போது கைப்பிடி சுழலாமல் உருளை மட்டும் சுழலுமாறும், அவ்வேகத்தை உள்ளிருக்கும் சிறு பிரேக்குக் கட்டைகள் தாமே தணிக்குமாறும் அமைந்திருந்தது. இன்று குறைந்த விலைக்குக் கிடைக்கும் ரீல்களிலும் இவ்வசதிகள் எல்லாம் உண்டு என்பதை வாங்குவோர் மறத்தலாகாது.

இனி, புதியவர்களை விரட்டியடிக்கும் தொல்லைக்கு வருவோம். பொய்யிரையை வீசியவுடன் அது நரம்பை இழுத்துச் செல்ல, உருளை விரைந்து சுழல்கிறது. காற்றின் தடையால் இரையின் வேகம் சிறிது சிறிதாகக் குறைகிறது. உருளையோ தொடங்கிய வேகத்திலேயே சுழல்கிறது. இரை வேண்டுவதைவிட மிகுதியான நரம்பை உருளை அவிழ்த்துவிட, அந்த மிகுதி ரீலுக்குள்ளேயே சுருண்டு, பின்னி, கண்ணால் அவிழ்க்கமுடியாத சிக்கலாகிவிடும். அமெரிக்கர் இதனைப் ‘பறவைக் கூடு’ என்று கேலியாக வழங்குவர். நாம் முதன்முதல் இவ்வகை ரீலைத் தொட்ட நாளில், வீசிய நேரத்தைக் காட்டிலும் கூடு பிரித்த நேரமே அதிகம். விற்றவர் நமக்கு ரீலின் பளபளப்பை விவரித்தாரேயன்றி, பிரேக்கு எங்கே இருக்கிறது என்று காட்டவில்லை. மாதக்கணக்கிற் சேர்த்த பணத்தில் ரீல் வாங்கி, இரண்டு மாலைப்பொழுது வீசிப் பார்த்து, மனம் வெறுத்துப் பரண்மேல் ஏற்றிவிட்டவர்கள் பலர். அவர்கள் வாங்கியது கெட்ட பொருள் அன்று. முடுக்கித் திருத்தாத பொருள்.

வாங்கும்போது எதனை நோக்குவது? அமெரிக்கக் கடைகளில் 50 டாலரிலிருந்து 100 டாலருக்குள் நன்கு உழைக்கும் ரீல்கள் கிடைக்கின்றன. 500 டாலருக்கு மேற்பட்டவையும் உள்ளன. பெட்டியின்மேல் பேரிங்குகளின் எண்ணிக்கையைப் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அதனைக் கண்டு மயங்கவேண்டா. மட்டமான பத்தினும் தரமான நான்கு மேல். கைப்பிடியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், தளர்ச்சி கூடாது. உருளையை விடுவிக்கும் கட்டையை அழுத்தி விரலாற் சுழற்றிப் பாருங்கள். உராயும் ஓசை கேட்கக் கூடாது. மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் இழுவைத்தடையைச் சிறிது இறுக்கி, நரம்பைக் கையால் இழுங்கள். அது வெட்டி வெட்டி வராமல் ஒழுகினாற்போல் வரவேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, பிரேக்கை வெளியிலிருந்தோ, பக்கமூடியை எளிதிற் கழற்றியோ, கூட்டவும் குறைக்கவும் வழியிருக்க வேண்டும். இது ஒன்று சரியாக அமைந்தால், சட்டம் அலுமினியமாயிராது நார்கலந்த பிளாஸ்டிக்காய் இருப்பினும் தொடங்குவோர்க்குக் குற்றமில்லை.

கைப்பிடி ஒரு சுற்றுக்கு உருளை ஆறு அல்லது ஏழு முறை சுழல்வது பொதுப்பயனுக்கு ஏற்றது. ஆழத்திற் பாயும் பொய்யிரைகளை இழுப்போர் ஐந்து சுற்றுள்ளதை நாடுவர். ஒரே ரீல் வாங்குபவர் அதைப்பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. எக்கையாற் சுற்றுவது வசதியோ அக்கைக்குரிய கைப்பிடியாகத் தேர்ந்துகொள்ளுங்கள். ரீலில் மிச்சம் பிடித்த பணத்தை நரம்புக்கும் கோலுக்கும் செலவிடுவதே நம் அபிப்பிராயத்தில் அறிவுடைமை.

முதலில் 12 பவுண்டு தாங்கும் சாதாரண நைலான் நரம்பே போதும். உருளையின் விளிம்பு வரை நிரப்பாமல், ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் குறைத்து நிறுத்துங்கள். பின்னல் நரம்பு வலிமையுடையதே. ஆனால் விலை மிகுதி, சிக்கினால் கத்தரிக்கோல்தான் கதி. கட்டும் பொய்யிரை அரை அவுன்ஸ், அதாவது 14 கிராம் அளவில் இருக்கட்டும். 7 கிராமுக்குக் குறைந்தவற்றைச் சிக்கனமான ரீலில் வீசுவது வீண் முயற்சி. கனத்த உருளையை அந்த இலேசான இரையால் அசைக்க இயலாது.

இரையைக் கட்டியபின் கோலின் நுனிவரை சுற்றி, கோலை முன்னே நீட்டிப் பிடித்துக்கொண்டு, விடுவிக்கும் கட்டையை அழுத்துங்கள். இரை சரேலென்று விழுந்தால், கைப்பிடிப் பக்கத்திலுள்ள சிறு திருகை இறுக்குங்கள். இரை மெல்ல இறங்கி, தரையைத் தொட்டவுடன் உருளையும் நிற்கவேண்டும். அதுவே தக்க அளவு. மறுபக்கத்திலுள்ள பிரேக்கை, தொடக்கத்தில் உச்ச அளவுக்கு அருகில் வைத்துக்கொள்ளுங்கள். வீச்சு குறுகலாகத்தான் இருக்கும். அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போவதில்லை. கை பழகப் பழகப் படிப்படியாகக் குறைக்கலாம். எதிர்க்காற்று அடிக்கும் நாளில் மீண்டும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

திருகும் பிரேக்கும் செய்வது பாதி வேலையே. மீதி, உருளைமேல் வைத்த கட்டைவிரலின் வேலை. வீசுமுன் விரலால் அழுத்திப் பிடித்து, கோல் முன்னே வரும் தறுவாயில் விடுவித்து, இரை பறக்கும்போது நரம்பின்மேல் இறகு பட்டாற்போல் விரலை வைத்திருந்து, இரை நீரைத் தொடுவதற்குச் சற்று முன்பே அழுத்தி நிறுத்திவிட வேண்டும். கடைசிச் செயலை மறந்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் கூடு கட்டுகிறது. இவ்விரலறிவு ஏட்டிலிருந்து வருவதன்று. கொக்கியை நீக்கிவிட்டு, ஈயக்குண்டு ஒன்றைக் கட்டி, ஆளில்லாத மைதானத்தில் ஒரு பழைய வாளியைக் குறியாக வைத்துத் தினம் அரைமணி வீசிப் பழகுங்கள். வலிந்து வீசவேண்டா, கோலின் வளைவே இரையைக் கொண்டுபோகும். நமக்கு வாளியைத் தொட இரண்டு வாரம் பிடித்தது. அதன்பின் விலையுயர்ந்த ரீல் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கி வீசிப் பார்த்தோம். சற்று எளிதாகவும் தொலைவாகவும் சென்றது மெய். வாளிக்குள் விழுவதில் பெரிய மாற்றம் காணோம்.

இவ்வளவுக்குப் பின்னும் சிக்கல் ஏற்படும், தேர்ந்தவர்க்கும் ஏற்படுவதுதான். உடனே பிடித்து இழுத்து முடிச்சை இறுக்கிவிடாதீர்கள். கட்டைவிரலால் உருளையைப் பலமாக அழுத்திக்கொண்டே கைப்பிடியை மூன்று நான்கு முறை சுற்றுங்கள். பிறகு உருளையை விடுவித்து நரம்பை மெதுவாக இழுத்தால், பெரும்பாலான சிக்கல்கள் தாமே அவிழ்ந்துவிடும். மற்றோர் உபாயமும் உண்டு. பழகும் நாளில், வழக்கமாக வீசும் தொலைவுக்குச் சற்று மிகுதியாக நரம்பை வெளியே இழுத்துவிட்டு, உருளையில் எஞ்சியதன்மேல் ஒட்டுநாடா ஒன்றைச் சுற்றிவிடுங்கள். சிக்கல் அதற்குக் கீழே இறங்காது. பெரிய மீன் ஓடினால் நரம்பு போதாமற் போகுமாதலால், மீன் பிடிக்கச் செல்லுமுன் அதனை நீக்கிவிடுக.

பேரிங்குகளுக்கு மாதம் ஒரு துளி எண்ணெய். ஒரு துளிதான், மிகுந்தால் மந்தமாகிவிடும். பற்சக்கரங்களுக்குச் சிறிது கிரீஸ். நரம்பைப் படியவைக்கும் திருகுத்தண்டில் மணல் சேராமல் துடைத்து வையுங்கள். வீடு திரும்பியதும் இழுவைத்தடையைத் தளர்த்திவிடுங்கள்.

அவிழ்க்க முடியாமல் வெட்டி எடுத்த நரம்பைக் கரையிற் போட்டுவிட்டு வருவோரைக் காண்கிறோம். நைலான் எளிதில் மக்குவதன்று. கொக்கும் நீர்க்காகமும் அதிற் காலும் சிறகும் சிக்கி, பறக்கவியலாமற் பட்டினியால் மடிகின்றன. வெட்டிய நரம்பைச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்து, வீட்டில் துண்டு துண்டாக நறுக்கிக் குப்பையிற் சேர்த்துவிடுங்கள்.