பழி சுமக்க ஒருவன்

(படிப்பகக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



திருட்டுப் போனால் ஒருவன் பெயர். தீப்பிடித்தால் அதே பெயர். ஊர்ப்பிள்ளை ஒன்று தறுதலையாகத் திரிந்தாலும், ‘அவன்தான் கெடுத்தான்’ என்று அதே பெயர்! ஆஸ்திரேலிய எழுத்தாளர் கிரெய்க் சில்வி 2009இல் வெளியிட்ட புதினத்தில் அந்தப் பெயர் ஜாஸ்பர் ஜோன்ஸ். நூலின் பெயரும் அதுவே.

மேற்கு ஆஸ்திரேலியாவில் காரிகன் என்றொரு சுரங்க ஊர். கற்பனை ஊர்தான். காலம் 1965. ஜாஸ்பரின் தந்தை வெள்ளையர். தாய் பழங்குடிப் பெண். ஓரிரவு, தான் ஒதுங்கி வாழும் காட்டுத் திடலில், தன் காதலி லாரா மரத்தில் தூக்கில் தொங்கக் காண்கிறான். காவல் நிலையத்துக்கு ஓடியிருப்பான் என்பீர்கள். ஓடவில்லை! விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிடும் என்பது அவனுக்குத் தெரியும். சார்லி என்ற 13 வயது வெள்ளைச் சிறுவனை எழுப்பி அழைத்து வருகிறான். இருவருமாக உடலை நீரில் அமிழ்த்துகிறார்கள். குற்றமற்றவனைக் குற்றவாளிபோல் நடக்க வைத்தது எது? அந்த ஊரின் பார்வையன்றோ!

அவன் அஞ்சியபடியே ஆயிற்று. பெண்ணைக் காணோம் என்றதும் அவனைப் பிடித்து அடைத்தனர், அடித்தனர். உண்மை என்ன? லாரா தானே உயிரை மாய்த்துக்கொண்டவள். அவளை அந்த நிலைக்குத் தள்ளியது பெற்ற தந்தையின் கயமை. அந்தத் தந்தையோ ஊர்மன்றத் தலைவர்! ஊர் தேடியது காட்டில்; கயமை குடியிருந்தது மாளிகையில். ஜாஸ்பர் என்றொருவன் இருந்தவரை, அந்த மாளிகையின் கதவை யாரும் தட்டத் தேவையில்லாமற் போயிற்று.

இதனினும் என்னை உலுக்கிய இடம் ஒன்றுண்டு. கொன்றவர் யார் என்று ஜாஸ்பரே தேடும்போது, அவன் விரல் சுட்டுவது யாரைத் தெரியுமா? ஊருக்கு வெளியே தனித்து வாழும் ஜாக் லயனல் என்ற கிழவரை. ‘பித்தன், கொலைகாரன்’ என்று ஊர் கட்டிவிட்ட வதந்தியைப் பழி சுமக்கும் பையனும் நம்பிவிட்டான்! நேரில் போய்க் கேட்டபோதுதான் தெரிகிறது, அந்தக் கிழவர் அவனுடைய சொந்தப் பாட்டன் என்று.

சார்லியின் நண்பன் ஜெப்ரி லூ வியட்நாமியப் பிள்ளை. ஆஸ்திரேலியா அந்தப் போருக்குப் படை அனுப்பிய ஆண்டு அது. உறவினரைப் போரில் பறிகொடுத்த குடும்பத்தையே பகைவர் என்று வைது, தந்தையை அடித்து, அவர் வளர்த்த பூந்தோட்டத்தைச் சிதைக்கிறார்கள்.

ஜாஸ்பரின் தாய் பிறந்த இனத்தாரை மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்கலாகாது என்ற விதி, 1965இல் அந்நாட்டு அரசியல் சட்டத்திலேயே இருந்தது. 1967 பொதுவாக்கெடுப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குமேல் வாக்களித்து அதை நீக்கினர். அதுவரை, தலைக்கணக்கில் இடமில்லாத இனத்துக்குக் குற்றக்கணக்கில் முதலிடம்!

நூலில் ஒரு குறை சொல்வேன். கதை முழுவதும் சார்லியின் வாய்மொழி. ஜாஸ்பரின் நெஞ்சம் தானாகப் பேசவில்லை. 2017இல் இதைத் திரைப்படமாக்கியவர் ரேச்சல் பெர்கின்ஸ், பழங்குடிப் பெண்மணி. அவர் தந்தை சார்லஸ் பெர்கின்ஸ், கதை நடக்கும் அதே 1965இல் சிட்னி மாணவர்களைப் பேருந்தில் அழைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்றவர். காரிகன் கற்பனை ஊர் என்றேன். மோரி கற்பனை ஊரன்று. பழங்குடிச் சிறுவரைச் சேர்க்காத நீச்சல்குளத்தின் வாயிலில் அவர் அங்கே போய் நின்றார். ஊரார் திரண்டு வந்து முட்டையும் தக்காளியும் வீசினர்.